சின்ன வண்டியின் வேகம்

போன மாதம் வரைக்கும் காலை ஏழே காலுக்கு என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிவிடுவார். நான் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருப்பேன். வரேங்க, வரேங்க, தலை போகிற அவசரமா என்று சத்தம் போட்டுக்கொண்டே வாசலைப் பூட்டுவேன். அவர் இறந்து இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகிவிட்டன. ஆனாலும் ஏழே கால் என்றால் ஏழே கால்தான்.

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போடுவேன். எனக்கு நேர் முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் வண்டி நின்றுவிடும். வலது பக்க சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்டீயரிங் மட்டும் தானாகக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று அசைந்து பார்க்கும். பிறகு வண்டி ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பும். அந்த வெட்டு அவருடையது. பதினான்கு வருஷம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. உயிரோடு இருந்தபோது திருந்தாதவர் செத்த பிறகா திருந்தப் போகிறார்?

சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வரை போக வேண்டும். அங்கே ஒரு பஞ்சு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு அறுபத்து மூன்று வயசு. பஞ்சின் இழை நீளத்தை அளக்க மெஷின் இருக்கிறது. மெஷின் பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமல்லவா, அது நான். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

வழி முழுக்க அவர் ஓட்டும் அழகே தனி. வளைவு வருவதற்கு நூறடி முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். பஸ் உரசிக்கொண்டு வந்தால் நமக்கு என்ன அவசரம் என்கிற மாதிரி ஒதுங்கி வழி விடுவார். ஸ்பீடு பிரேக்கரில் நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிறவர் போல ஏறி இறங்குவார். எங்களை முந்தாத வண்டி அந்த ரோட்டில் கிடையாது. "ஏனுங்க, மாட்டு வண்டிகூட நம்மளத் தாண்டிப் போயிரும் போல இருக்குதே" என்று கிண்டல் செய்வேன். உயிரோடு இருந்தபோது, "வண்டிக்கு அவ்வளவுதான் மூச்சு ரேணு, நான் என்ன பண்ணட்டும்" என்பார். இப்போது பதில் வராது. கை ஓட்டும், பேசாது.

இந்த ஏற்பாட்டை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்னோட்டச் சட்டம் வந்து பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன. மனுஷன் ஸ்டீயரிங்கைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்குக் கையோட்டம் என்று பெயர். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். பக்கத்து சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அலுவலகக் காகிதத்தில் அதை உடனமர்வு உரிமம் என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் சொல்வது பக்கத்து சீட்டு லைசென்ஸ். தனியாகக் கையோட்டம் ஓட்டினால் வண்டியே கிளம்பாது.

ஊரில் பாதிப் பேர் அந்த வாரமே கையோட்டத்தை விட்டுவிட்டார்கள். பெண்டாட்டியின் கையில் பிரேக்கைக் கொடுத்துவிட்டு வண்டி ஓட்ட எத்தனை ஆம்பளைக்குத் தைரியம் வரும்? என் வீட்டுக்காரர் பூபாலன் முதல் நாளே எங்கள் இரண்டு பேர் பெயரிலும் விண்ணப்பம் போட்டார். என்னைப் பரீட்சைக்குப் படிக்க வைத்தார். அந்த மாசமே வெந்தயக் கலரில் இந்தச் சின்ன வண்டியை வாங்கினார். பதினான்கு வருஷம் நான் உட்காராமல் அவர் அந்த வண்டியை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. சட்டப்படி முடியாது. தன் பட்டறைக்கு டவுன் பஸ்ஸில் போவார், டீக்கடைக்கு நடந்து போவார்.

கையோட்டம் ஓட்டுகிறவரின் பழக்கம் முழுவதையும் வண்டி மனப்பாடம் செய்துகொள்ளும். எங்கே பிரேக்கை மிதிக்கிறார், எங்கே தயங்குகிறார், எவ்வளவு இடம் விடுகிறார் எல்லாம் சோப்புப் பெட்டி அளவு டப்பா ஒன்றில் பதிவாகிவிடும். கைநினைவு என்பது புத்தகப் பெயர். பேச்சில் வெறும் கை. ஓட்டியவர் இறந்த பிறகு குடும்பம் விரும்பினால் அந்தக் கையை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், பக்கத்து சீட்டுக்காரர் ஏறினால் ஓடும். எங்கள் தெருவில் மட்டும் மூன்று கை ஓடுகிறது.

நகல் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. ஆரம்பத்தில் ஒரு வாடகை வண்டிக் கம்பெனி, இறந்துபோன ஒரு நல்ல டிரைவரின் கையை ஆயிரம் வண்டியில் ஏற்றிவிட்டது. அந்த மனுஷனின் மகள் எந்த ஊருக்குப் போனாலும் அப்பா யாரையோ ஏற்றிக்கொண்டு எதிரில் வந்தார். அவள் கோர்ட்டுக்குப் போனாள். அதற்கப்புறம்தான் ஒரு கை, ஒரு வண்டி என்று சட்டம் வந்தது. வேண்டுமானால் ஒரே ஒரு முறை வேறு வண்டிக்கு மாற்றலாம். மாற்றினால் பழைய வண்டியில் அழிந்துவிடும். திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த ஒரே ஒரு முறையைத்தான் நரேந்தர் கேட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைசூர்பாகு டப்பாவோடு வந்து உட்கார்ந்தார். பழைய ரேஸ் வண்டிகளைக் கட்டிக் காக்கிற பழவண்டிச் சங்கத்தின் செயலாளர். என் வீட்டுக்காரருக்குத் தம்பி மாதிரி, அவருக்குப் பின்னாலேயே ரேஸ் ஓட்டி இரண்டாவதாக வந்தே காலத்தைக் கழித்தவர். மழை, வெயில், பஞ்சு விலை என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் எட்டாம் நம்பர் வண்டிக்கு வந்தார்.

எட்டாம் நம்பர் என்றால் கோயம்புத்தூரில் அந்தக் காலத்து ஆட்களுக்குப் புரியும். எனக்கும் அவருக்கும் மூத்த வண்டி. யாரோ ஒரு பட்டறைக்காரர் இரும்புக் குழாய்களைத் தன் கையால் வளைத்துப் பற்றவைத்துக் கட்டியது. சுருட்டு மாதிரி நீளமான மஞ்சள் உடம்பு, வெளியே துருத்திய நான்கு சக்கரம், நடுவில் ஒரே ஒரு ஆள் நுழைய ஒரு பொந்து. பழவண்டிப் பந்தயங்களில் என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷம் அதை ஓட்டினார். தன்னோட்டச் சட்டம் வந்ததும் அந்த வண்டி செத்துப்போயிற்று. பக்கத்து சீட்டு இருந்தால்தானே கையோட்டம்? அதில் இருப்பதே ஒரு சீட்டு. சங்கத்தின் கொட்டகையில் துணி போர்த்தி நிறுத்தினார்கள். சங்கம் தொடங்கி ஐம்பதாவது ஆண்டு விழா வருகிறது, மூடிய பாதையில் ஆளில்லாமல் கைநினைவை மட்டும் வைத்து ஓட்டச் சிறப்பு அனுமதி வாங்கிவிட்டோம், அண்ணனின் கையைக் கொடுத்தால் எட்டாம் நம்பர் மறுபடியும் ஓடும் என்றார் நரேந்தர்.

கதவைக் காட்டி அனுப்பத்தான் இருந்தேன். தினமும் ஏழே காலுக்கு என்னைக் கூட்டிப் போகிறவரை எடுத்துக்கொண்டு போய் விழாவில் வேடிக்கை காட்ட வேண்டுமா என்று கேட்கவும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அண்ணி, நீங்க அண்ணன் ரேஸ் ஓட்டிப் பார்த்ததே இல்லீங்க. ஒரு தடவை பார்த்திருந்தீங்கன்னா நான் இப்படி வந்து கெஞ்ச வேண்டியதில்லை."

அந்த இடத்தில் அடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உண்மைதான், நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் செட்டிபாளையம் டிராக்குக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். லேபில் அவசர வேலை என்றேன். அடுத்த தடவை தலைவலி என்றேன். அப்புறம் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளாது என்று நிரந்தரமாக ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். பயம் என்று மட்டும் சொல்லவில்லை. நான் பார்க்காமல் இருக்கும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ரேஸ் நாளில் போனை அணைத்துவிட்டு லேபில் உட்கார்ந்து இழை இழையாகப் பஞ்சை அளப்பேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவருடைய செருப்பு வாசலில் கிடந்தால்தான் மூச்சு வரும். ரேஸ்காரன் பெண்டாட்டி பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். முக்கியமாக, அவர் நினைத்துவிடக் கூடாது.

சின்ன வண்டியிலும் அதே கதைதான். வளைவு வந்தால் என் கால் தானாகத் தரையை அழுத்தும். தெரியாமல் இருக்கப் பையை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். மேலே வாய் மட்டும், இது என்ன ஆமை வேகம் என்று பேசிக்கொண்டிருக்கும்.

அவர் போன பிறகு பழைய ரேஸ் வீடியோக்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். ஒரு மஞ்சள் வண்டி சர்ரென்று போகிறது. உள்ளே ஒரு ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டுக்குள் யார் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதில் என் மனுஷன் எங்கே இருக்கிறார்? ஆனால் ஊரே அவரைப் பார்த்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட மூன்றாம் வளைவைப் பற்றித்தான் பேசினார்கள். எல்லாரும் பிரேக் பிடிக்கிற இடத்தில் பூபாலன் பிடிக்க மாட்டான், கையில் ஏதோ இருந்தது அவனுக்கு என்றார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டே கேட்டேன். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனை ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய வலி என்று யாருக்கும் தெரியாது.

நரேந்தர் போன பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வண்டியில் உட்கார்ந்தால் இவரை விட்டுவிடுவதா என்று தோன்றும். லேபில் போய் உட்கார்ந்தால் அவரைப் பார்க்காமலேயே சாவதா என்று தோன்றும். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆனால் ஒருவரை எனக்குத் தெரியும், இன்னொருவரைத் தெரியாது. தெரியாத அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. அறுபத்து மூன்று வயசில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். ஐந்தாம் நாள் சரி என்று சொல்லியனுப்பினேன்.

கையை மாற்ற ஏற்பாடு செய்வதற்கு இதழினி என்று ஒரு பெண் வந்தாள். கைநினைவுப் பொறியாளர். எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயசு இருக்கும். சங்கத்தின் கொட்டகையில் சின்ன வண்டியையும் எட்டாம் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். போர்வையை எடுத்தபோதுதான் நான் எட்டாம் நம்பரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

சின்ன வண்டி எண்ணூறு கிலோ, அது அதில் பாதி. சின்ன வண்டியில் நான் குனியாமல் ஏறலாம். அதற்குள் போக வேண்டுமென்றால் காலை முதலில் நீட்டி, பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். கதவு இல்லை, கூரை இல்லை. முகத்துக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடி. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, அதாவது நெருப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். எங்கள் வண்டியில் தண்ணீர் பாட்டில் வைக்க மட்டும் நான்கு இடம். இதில் அந்த மனுஷனைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை.

சீட்டு என்பது அவர் உடம்புக்கு அளவெடுத்து வார்த்த ஒரு ஃபைபர் ஓடு. அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். இடுப்பு இவ்வளவு ஒடுக்கமா, அடப்பாவி, நான் சமைத்துப் போட்டதெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் கையை எடுக்க மனசு வரவில்லை. வழுவழுப்பாக, கொஞ்சம் சில்லென்று இருந்தது. நரேந்தர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதழினி பெடல், ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன இயக்கிகளைப் பொருத்தியிருந்தாள். கியர் மாற்றுவதைத் தன் கருவி பார்த்துக்கொள்ளும், மற்றதெல்லாம் அவர் கை என்றாள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இந்தக் கை பதினான்கு வருஷம் சின்ன வண்டியில் பழகியது, வண்டி மாறினாலும் பழக்கம் மாறாமல் போகலாம், நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். நரேந்தருக்குக் காதில் விழுந்துவிட்டது. அவர் சிரித்தார். யானையை ஆட்டுக்கொட்டிலில் கட்டி வைத்தால் அது ஆடாகிவிடுமா, எட்டாம் நம்பரில் ஏற்றிப் பாருங்கள் அப்புறம் தெரியும் என்றார்.

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத நானும் அதையேதான் நினைத்தேன். குறை வண்டியில்தான். மூச்சில்லாத வண்டி என்று அவரே சொல்லவில்லையா? எங்களை முந்திப் போன வண்டிகள் எல்லாம் புது மாடல், எங்களுடையது பழசு. நல்ல இன்ஜின் கிடைத்தால் அந்தக் கை பறக்காமல் என்ன செய்யும்? ஒரு தடவையாவது, ஒரு வண்டியையாவது, பதினான்கு வருஷத்தில் அந்தக் கை ஏன் முந்தப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாற்றுவது விழா அன்று காலையில், செட்டிபாளையம் டிராக்கிலேயே என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு, அவரோடு சும்மா சுற்றினேன். உக்கடம் போய்க் குளக்கரையை ஒரு சுற்று வந்தோம். பேரூர் வரைக்கும் போய் இறங்காமலேயே திரும்பினோம். வளைவுகளில் எப்போதும் போலப் பதறாமல் திரும்பினார். நாளைக்கு ஒழுங்காக ஓட்டுங்கள், மானத்தை வாங்கிவிடாதீர்கள், நான் வந்து நிற்பேன் என்று சொன்னேன். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் இறங்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சந்தோஷமும் இருந்தது, பெண் பார்க்க வருகிற நாளில் இருந்த மாதிரி.

விழாவுக்கு இருநூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் என் வயசுக்காரர்கள். மீதிப் பேர் ஜன்மத்தில் பெட்ரோல் இன்ஜின் சத்தம் கேட்காத பிள்ளைகள். மூன்றாம் வளைவுக்கு நேர் எதிரில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்ஜினைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நேராக நெஞ்சில் விழுந்தது. பெட்ரோல் வாடை வந்தது. ஒத்துக்கொள்ளாது என்று நான் சொல்லிவந்த அந்த வாடையை மூச்சு முட்ட இழுத்தேன். ஆளில்லாத பொந்துக்குள் ஸ்டீயரிங் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது அசைந்தது. ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. இருநூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

நேர்ப்பாதையில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வேகம் கூடவில்லை. இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் ஏதோ கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போகிற மாதிரி போகிறது. மூன்றாம் வளைவுக்கு நூறடி இருக்கும்போதே பிரேக் பிடித்தது. மெல்லத் திரும்பி, உள்பக்கம் ஒட்டாமல், பக்கத்தில் ஏதோ பஸ் உரசி வருகிற மாதிரி இடம் விட்டுப் போயிற்று. முதல் சுற்றுதானே, சூடேறட்டும் என்றார் நரேந்தர். இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்றில் ஒரு பையன் வண்டியோடு கூடவே கம்பிக்கு இந்தப் பக்கம் ஓடினான், கொஞ்ச தூரம் முந்தவும் செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் என் முகம் எரிந்தது.

நரேந்தர் இதழினியிடம் ஓடினார். அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

"பழுது எதுவும் இல்லைங்க. இன்ஜின் இன்னும் கேட்டாக் குடுக்கும். கை கேட்க மாட்டேங்குது."

ஐந்து சுற்று முடிந்து வண்டி வந்து நின்றது. கூட்டம் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர்ந்தது. நரேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணனுக்கும் வயசாயிருச்சுங்க அண்ணி, நம்மதான் மறந்துட்டோம் என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் காட்டியதை எனக்குக் காட்டக்கூடாதா? பொழுதெல்லாம் கட்டை வண்டி ஓட்டி ஓட்டிக் கையும் கட்டையாகப் போய்விட்டதா? திருப்பி வைத்துவிட முடியுமா கண்ணு என்று இதழினியிடம் கேட்டேன். முடியாது என்று எனக்கே தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் நம்பரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தேன். இனிமேல் அவர் அதில்தான் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார அதில் எனக்கு இடம் கிடையாது.

சாப்பிடாமல் கிளம்பினேன். சின்ன வண்டி வாசலில் நின்றிருந்தது. பழக்க தோஷத்தில் இடது பக்கமே உட்கார்ந்தேன். கை இல்லாததால் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய தன்னோட்டம்தான் இப்போது ஓட்டும். வணக்கம் என்று ஒரு குரல் சொன்னது. எங்கே போக வேண்டும் என்று கேட்டது. வீட்டுக்கு என்றேன். வெட்டு இல்லாமல், எண்ணெயில் வழுக்குகிற மாதிரிக் கிளம்பியது. கிராமத்து ரோடு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பைபாஸில் ஏறியதும் என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. திரையில் எழுபது என்று காட்டியது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. எங்களை முந்திப் போகும் அதே லாரிகளை, அதே பஸ்களை, இந்த மூச்சில்லாத வண்டி ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. மோட்டாரில் ஒரு முனகல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. பதினாறு வருஷத்து வண்டி. பட்டறை வைத்துப் பிழைத்த மனுஷன், ஒரு வண்டிக்கு எவ்வளவு மூச்சு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன், என்னிடம் என்ன சொன்னார்? பதினான்கு வருஷம் தினமும் நான் கிண்டல் செய்யச் செய்ய, மூன்றாம் வளைவில் பிரேக் பிடிக்காதவர், வண்டிக்கு அவ்வளவுதான் மூச்சு ரேணு என்று சொல்லிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

வளைவு வந்தது. வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. என் கால் தரையை அழுத்தியது. பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, நான் எடுக்கவில்லை. மெதுவாகப் போ என்றேன்.

"சாலை தெளிவாக உள்ளது. நூற்றிருபது வரை பாதுகாப்பானது. வேகத்தைக் குறைக்கக் காரணம் கூறுங்கள்" என்றது வண்டி.

சும்மாதான் என்றேன். அதை ஏற்க இயலாது என்றது. உடல்நலக் குறைவா, உடையும் பொருள் ஏதேனும் உள்ளதா என்று கேட்டது. தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்ரோல் வாடை என்று சொல்லவும் வாயெடுத்தேன். காரணம் கூறுங்கள் என்று அது மறுபடியும் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்குது" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. காலி சீட்டைப் பார்த்துச் சொன்னேன். பதிவு செய்யப்பட்டது என்றது வண்டி. வேகம் குறைந்து நாற்பத்தைந்துக்கு வந்தது. லாரிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போக ஆரம்பித்தன.

அவர் ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை.